ஆளுக்கு என்றால் எந்த ஆளுக்கு?

எதிர் வீட்டு டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் கையில் மடித்த காகிதத்தோடு வந்தார். பணி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும்போது இவருக்கு முழங்கால் வலி. இவருக்குச் சரியாகும்போது பிள்ளைகளுக்கு ஆபீஸில் ஆடிட். கடைசியில் தனியாகவே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது. அங்கே மரினா பே துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்று, நான்கு இரவு கடலில் வைத்திருந்து, பினாங்கையோ புக்கெட்டையோ காட்டிவிட்டு, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனின்னு மட்டும் சொல்லு தம்பி, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார். காகிதத்தில் 'ஆளுக்கு 30,000 ரூபாய்' என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருந்தது. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை.

கம்பெனிப் பெயருக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்ப்போம்.

"நான் ஒரு ஆள். ஆளுக்கு முப்பதாயிரம். இதுல என்ன சந்தேகம்?" என்றார் டீச்சர். தனியாகக் கப்பல் ஏற நினைக்கும் எல்லோரும் சறுக்குகிற படி இதுதான். படித்தவர், படிக்காதவர், வங்கியில் வேலை பார்த்தவர் என்று விதிவிலக்கே கிடையாது. அதனால் இந்தப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். டீயும் வரட்டும்.

கப்பல் விளம்பரத்தில் 'ஆளுக்கு' என்று போட்டால், ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கும்போது அந்த இருவரில் ஒருவர் கொடுக்கும் பங்கு என்று அர்த்தம். கேபின் என்பது கப்பலில் நமக்கென்று பூட்டு சாவியோடு தரும் அறை. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், 'இருவர் தங்கும் அடிப்படையில்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் விலை. மேலே பெரிதாக இருப்பது அதில் பாதி.

கப்பலைப் பார்த்தால் நமக்கு பஸ் ஞாபகம் வருகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள், தலைக்கு ஒரு டிக்கெட், யாரோடு வந்தோம் என்று கண்டக்டர் கேட்பதில்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் கப்பல் ஓர் ஆட்டோ. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்கிறார். மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் அதுதான், ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்தாலும் அதுதான். மூன்று பேர் போனால் ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது நம் பாடு. கப்பல் கம்பெனி அந்தப் பிரிப்பை நமக்கு முன்னாலேயே செய்து, பிரித்த தொகையை விளம்பரத்தில் போடுகிறது. தனியாக வருகிறவர் பிரிக்க ஆளில்லாமல் முழு ஆட்டோவுக்கும் கொடுக்கிறார். இப்படிக் கூடுதலாகக் கொடுப்பதற்கு சிங்கிள் சப்ளிமெண்ட் என்று பெயர். நாம் 'ஒற்றை ஆள் கூடுதல்' என்று வைத்துக்கொள்வோம்.

"கல்யாணம் பண்ணாம இருக்கிறவங்களுக்கு அபராதமா?" என்று கேட்டார் டீச்சர். பலர் இப்படித்தான் கோபப்படுகிறார்கள். கம்பெனியின் பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் பார்ப்போம். இந்தத் தொழிலில் கப்பல் நிரம்பிவிட்டதா என்று அளப்பதே கேபினுக்கு இரண்டு தலை என்ற கணக்கில்தான். 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அந்தக் கணக்குப்படி 5,610 பேர். ஆனால் மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் பிள்ளைகளையும் படுக்கவைத்தால் 7,600 பேர் வரை ஏற்றலாம். அதனால்தான் பெரிய கம்பெனிகள் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில் கப்பல்கள் 100 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பின என்று கூச்சமில்லாமல் எழுதுகின்றன. இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டீச்சரின் கேபின் பாதி காலி.

இன்னொன்றும் இருக்கிறது. சினிமா தியேட்டர் இடைவேளை பாப்கார்னிலும் சம்பாதிப்பது போல, கப்பல் டிக்கெட்டோடு நிற்பதில்லை. குளிர்பானம், மது, இன்டர்நெட், போட்டோ, மசாஜ், சூதாட்டக் கூடம், கரையிறங்கினால் சுற்றிக்காட்டும் பஸ் என்று உள்ளே ஏறிய ஒவ்வொரு தலையும் செலவு செய்யும். வராத இரண்டாவது ஆள் டிக்கெட் காசோடு அந்தச் செலவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறார். நியாயமா என்பது வேறு விஷயம். கணக்கு இப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் ஆட்டோ உவமையும் முழுக்கப் பொருந்தாது. அதுதான் நல்ல செய்தி. கப்பல் கட்டணத்தில் மூன்று துண்டுகள் உண்டு. ஒன்று, கேபின் வாடகை. இரண்டு, துறைமுக வரி. மூன்று, ஊழியர்களுக்கான டிப்ஸ். பல கம்பெனிகள் இதை நாள் கணக்கில் தாமே பில்லில் சேர்த்துவிடுகின்றன. வாடகைதான் ஆட்டோ. வரியும் டிப்ஸும் பெரும்பாலும் பஸ், அதாவது தலைக்கு ஒன்று. டீச்சரின் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். வாடகை 30,000 என்பது காகிதத்தில் இருந்தது. வரி 8,000, டிப்ஸ் 6,000 என்பவை கணக்குக்காக நாங்களாக வைத்துக்கொண்டவை.

இருவர் போனால் ஆளுக்கு 44,000. சிவப்பு வட்டத்துக்குள் இருந்த 30,000 ஜோடியாகப் போகிறவர்களுக்கே கிடையாது என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. தனியாள் 100 சதவிகிதம் கூடுதல் கொடுத்தால் வாடகை 60,000, ஒரு தலை வரி, ஒரு தலை டிப்ஸ், ஆக 74,000. கூடுதல் 50 சதவிகிதம் என்றால் 59,000. கூடுதலே இல்லையென்றால் 44,000. "74-க்கும் 44-க்கும் நடுவுல முப்பதாயிரம் இருக்கே" என்றார் டீச்சர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. ஆமாம். தனியாகப் போகிறவர் கப்பலைத் தேர்ந்தெடுப்பது முக்கால்வாசி அந்த முப்பதாயிரத்துக்குள்தான் நடக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள். முதல் வழி, தேதி.

கேபின் நிரம்பும் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியும் இறங்கி வராது. சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியவும் பள்ளி விடுமுறை. அப்போது ஒரு கேபினில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் ஏறத் தயாராக இருக்கிறார்கள். அந்த வரிசையில் நம் டீச்சர் போய் நின்றால் முழுக் கூடுதல்தான். பள்ளிகள் நடக்கும் வாரத்தில், அதிலும் வார நடுவில் கிளம்பும் கப்பலில், அதே கேபின் காலியாகக் கிடக்கும். காலி கேபினைவிட ஒற்றை ஆள் மேல் என்று அவர்களுக்கும் தெரியும். அப்போதுதான் கூடுதல் பாதியாவதும், கால்வாசியாவதும், சில சமயம் அறவே போவதும் நடக்கிறது. ஓய்வு பெற்றவருக்கு இதில் பெரிய வசதி: எந்த வாரமும் அவர் வாரம்.

இந்த வழியின் கோடியில் ஒரு வினோதமான பயணம் இருக்கிறது. கோடையில் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடும் கப்பல்கள், ஆடு மாடு மேய்ச்சல் நிலம் மாறுவது போல வருஷத்துக்கு இரண்டு தடவை அட்லாண்டிக்கைக் கடந்து இடம் மாறுகின்றன. வெறும் கப்பலாகப் போவானேன் என்று அதற்கும் டிக்கெட் விற்கிறார்கள். நாள் கணக்கில் கரையே தெரியாது, ஏறின ஊரில் இறங்க மாட்டோம், திரும்பி வர விமானச் செலவு தனி. குழந்தைகள் குறைவு, ஓய்வு பெற்றவர்கள் அதிகம், ஒரு நாள் விலை மலிவு. முதல் பயணத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள மூன்று இரவு போதும்.

இரண்டாவது வழி, ஒற்றை ஆளுக்கென்றே கட்டிய கேபின். ஊர்விட்டு ஊர் போகக் கப்பல் மட்டுமே இருந்த காலத்தில் ஒற்றை அறைகள் சாதாரணம்தான். உத்தியோகத்துக்குப் போகிறவர் குடும்பத்தோடா போவார்? கப்பல் விடுமுறைக்கான பொருளாக மாறியபோது ஜோடிக் கணக்கு வந்து அவற்றைத் துடைத்துவிட்டது. 2010-ல் நார்வீஜியன் குரூஸ் லைன் கம்பெனி தன் நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 ஒற்றை அறைகளைக் கட்டி, ஸ்டூடியோ என்று பெயர் வைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கட்டில், சட்டை மாட்ட இடம், கையை நீட்டினால் எதிர்ச் சுவர். ஜன்னல் உண்டு, ஆனால் அது கடலைப் பார்க்காது, நடைபாதையைப் பார்க்கும். இதில் கெட்டிக்காரத்தனம் எதுவென்றால், அந்த அறைக்காரர்கள் மட்டும் சாவி அட்டை போட்டு நுழையும் ஒரு பொதுக்கூடம். மேன்ஷன் வாசல் டீக்கடை செய்யும் வேலையை அது செய்கிறது. தனியாக வந்தவர்கள் அங்கே காப்பி குடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டு சேர்ந்துகொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் மெல்ல வந்தார்கள். ராயல் கரீபியன் 2014-ல் விட்ட குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் பால்கனியோடுகூடச் சில ஒற்றை அறைகள் உண்டு. குனார்டின் குவீன் மேரி 2 கப்பலில் 2016 புதுப்பிப்பின்போது 15 ஒற்றை அறைகள் சேர்த்தார்கள். நல்ல அகலம், கடல் பார்க்கும் பெரிய ஜன்னல். ஆனால் 2,600 பேருக்கு மேல் போகும் கப்பலில் பதினைந்தே பதினைந்து. பிரிட்டனில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே நடக்கும் சாகா கம்பெனியின் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி கப்பலில்தான், 999 பேர் போகிற அளவில் 109 ஒற்றை அறைகள், எல்லாவற்றுக்கும் பால்கனி. தனியாள் வருவார் என்று எதிர்பார்த்துக் கட்டுவதற்கும், வந்துவிட்டாரே என்று ஒதுக்கிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்களில் தெரிகிறது.

இங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, தாண்டிவிடுவோம். ஒற்றை அறை என்றாலே மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணிக்கை குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், சீக்கிரம் தீர்ந்துவிடும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஸ்டூடியோ வாடகை 52,000 என்று வைத்தால், வரியும் டிப்ஸும் சேர்த்து 66,000. அதே கப்பலில் ஜன்னல் இல்லாத இரட்டை கேபின் பாதிக் கூடுதலோடு 59,000-க்குக் கிடைத்தால், மேன்ஷனைவிட அதிக இடமும் கிடைக்கிறது, ஏழாயிரமும் மிச்சம். அதனால் ஏஜென்டிடம் 'கூடுதல் எத்தனை சதவிகிதம்' என்று கேட்பதைவிட, 'ஒரே ஆள், எல்லாம் சேர்த்து, கடைசித் தொகை என்ன' என்று கேட்டு, இரண்டு வகை அறைக்கும் எழுதி வாங்கிக்கொள்வது மேல். டீச்சர் இதைக் குறித்துக்கொண்டு அடிக்கோடும் போட்டார்.

ஜன்னல் இல்லாத கேபினைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கை அணைத்தால் சாமி அறை இருட்டு; விடிந்ததா இல்லையா என்று தெரியாது. சிலருக்கு அதில் நல்ல தூக்கம், சிலருக்கு மூச்சு முட்டும். தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஊஞ்சலில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் தூண் பக்கம் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

சரி, கம்பெனி. டீச்சர் நான்கு பெயர் எழுதி வைத்திருந்தார். நான் அவற்றின் பக்கத்தில் முதலாளியின் பெயரை எழுதினேன். கார்னிவல் கார்ப்பரேஷன் என்ற ஒரே வீட்டுக்குள் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா எல்லாம் இருக்கின்றன. ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் இன்னொரு வீடு. நார்வீஜியனும் ஓஷியானியாவும் வேறொன்று. ஒரே குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் பாத்திரக்கடையும் பட்டுக்கடையும் வைத்திருப்பது மாதிரி. பலகையின் பெயர் சுபாவத்தைச் சொல்லும்: கார்னிவல் சத்தம், குனார்ட் சாயங்காலக் கோட்டு. அதற்கு மேல் சொல்லாது.

தனியாளுக்குத் தேவையானதைச் சொல்வது கப்பலின் பெயர். ஒரே கம்பெனியில் போன வருஷம் கட்டிய கப்பலும் ஓடும், முப்பது வருஷத்துக் கப்பலும் ஓடும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலைப் பாருங்கள். கம்பெனி புதிது, கப்பல் 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காக ஓடத் தொடங்கியது. பழசு என்பதால் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சுமார் 1,600 பேர் போகும் அளவான கப்பல், சாம்பார் சாதம் கேட்டால் புரிந்துகொள்வார்கள், வழிதவறினாலும் ஐந்து நிமிஷத்தில் அறைக்கு வந்துவிடலாம். சிங்கப்பூரில் டீச்சர் பார்த்து வைத்திருந்த ஜென்டிங் ட்ரீம் 2016-ல் வந்தது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேடிக்கைக்குப் பெரிய கப்பல். முகம் பழகுவதற்குச் சின்னக் கப்பல். முதல் நாள் லிஃப்டில் பார்த்தவரை மூன்றாம் நாளும் பார்ப்பீர்களா என்பது தனியாகப் போகிறவருக்குச் சின்ன விஷயமில்லை.

அந்த முகப்பழக்கம் நிஜத்தில் நடக்கும் இடம் சாப்பாட்டு மேசை. பல கப்பல்களில் இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று, நினைத்த நேரத்துக்குப் போய் உட்காருவது. இன்னொன்று, தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, அதே ஆட்கள். ஜோடிகளுக்கு முதலாவது வசதி. தனியாக முதல் தடவை போகிறவர் இரண்டாவதைக் கேட்டு, 'பொது மேசையில் போடுங்கள்' என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுவது நல்லது. நான் முதல் தடவை இதைச் சொல்லாமல் போய், தூணுக்குப் பக்கத்தில் இருவர் மேசையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலிக்கு வைத்த கத்தியையும் முள்கரண்டியையும் சிப்பந்தி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போய்க் கேட்டு ஆறு பேர் மேசைக்கு மாறினேன். அன்றாட நிகழ்ச்சித் தாளில் 'தனியாக வந்தவர்கள் சந்திப்பு' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். குனார்ட் மாதிரிச் சில கம்பெனிகள் தனியாக வந்தவர்களோடு நடனமாடவே ஆட்களை வைத்திருக்கின்றன. "அதெல்லாம் வேண்டாம்" என்றார் டீச்சர், ஆனால் சிரித்தார்.

மற்றவை வேகமாக. கப்பல் வேறு நாட்டைத் தொட்டுத் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் தடவை நுழைகிறோம். விசா பல நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சைவம் என்றால் ஏறிய பிறகு சொல்வதைவிட முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது. கப்பலில் டாக்டர் உண்டு, இலவசம் இல்லை. காப்பீடு எடுக்கும்போது கடல் பயணத்துக்கும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். கைப்பேசியை ஏறியதும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில்லை ஏற்றும். கரையிறங்கிச் சொந்தமாகச் சுற்றினால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். சாவி அட்டையைப் பார்த்து இன்னார் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் கப்பல் காத்திருக்காது.

இரண்டாவது டீயும் முடிந்தது. டீச்சர் சிவப்பு வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் 59,000 என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டார். ஜூலை இரண்டாம் வாரம், பள்ளி நடக்கும் நாள், இரட்டை கேபின், நடுப்பகுதி, பொது மேசை. ஏஜென்டிடம் கேட்க வேண்டியவற்றை வரிசையாக எண் போட்டு எழுதிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த ரெண்டாவது கட்டில் சும்மாதானே கிடக்கும்?" என்றார்.

சொன்னால் இரண்டையும் ஒட்டிப் போட்டு ஒரே பெரிய படுக்கையாக்கித் தருவார்கள் என்றேன்.

"வேண்டாம், பிரிச்சே போடச் சொல்றேன்" என்றார். "காசு குடுத்திருக்கேன்ல. ஒண்ணுல நான், ஒண்ணுல என் பெட்டி."